வெள்ளையா, சிவப்பா

பிப்ரவரி 4

அன்புள்ள அண்ணிக்கு,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் மட்டும் அம்மா சொல் பேச்சுக் கேட்பதில்லை. மற்றபடி குறையில்லை.

போன் இருக்கும்போது இதென்ன கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் கூப்பிட்டால் அண்ணன்தான் எடுப்பார். எடுத்ததும், "என்ன, கடிகாரம் ஓடுதா, நின்னே கிடக்குதா?" என்பார். ஆறு வருஷமாக அதே ஜோக். நானும் ஆறு வருஷமாக மரியாதைக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். நான் இப்போது கேட்கப்போகும் விஷயத்தை அவர் காதில் விழும்படி கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது.

நம் அலுவலகப் பொழுதுபோக்கு அறையில் பில்லியர்ட்ஸ் டேபிளுக்குப் புதுப் பச்சை விரிப்பு போட்டுவிட்டார்கள். மூலைப் பாக்கெட் ஓரத்தில் நீங்கள் டீயைக் கொட்டிய கறை இருந்ததே, அதுவும் போயாச்சு. ஏப்ரல் 11, சனிக்கிழமை, நம் குடிநீர்த் துறையின் பெண்கள் பில்லியர்ட்ஸ் அணிக்குத் தேர்வு ஆட்டம். ஒரே ஓர் இடம்தான். புதிதாக வந்திருக்கும் டைப்பிஸ்ட் பெண் பேர் கொடுத்திருக்கிறாள். நானும் கொடுத்துவிட்டேன்.

அண்ணி, என் கை என்ன ஆனது என்று உங்களுக்குத்தான் தெரியும். நீங்கள்தானே எதிரில் நின்று பார்த்தீர்கள். ஆறு வருஷத்துக்கு முன் அந்தத் தேர்வுக்கு முதல் நாள் வரை, பெண்டுலம் மாதிரி ஒரே அளவாகப் போய் வருகிறது என்று எல்லோரும் 'கடிகாரம்' என்று கூப்பிட்ட கை. உங்களோடு தேர்வு ஆட்டம் ஆடிய அந்தக் காலையில் திடீரென்று விட்டுப்போனது. பந்தடிக்கும் கம்பை, அந்தக் கியூவை, முன்னும் பின்னும் ஆட்டும்போது நன்றாகத்தான் இருக்கும். அடிக்கிற நொடியில் யாரோ முழங்கையைப் பிடித்து இழுப்பது போல ஒரு தடுமாற்றம். அப்புறம் எத்தனை நாள் போய் நின்றாலும் அதேதான். பிறகு அந்த அறைப் பக்கமே போகவில்லை. நீங்கள் அணியில் சேர்ந்தீர்கள், அதனால் தலைமை அலுவலகத்துக்கு மாற்றல் கிடைத்தது, அண்ணனும் நீங்களும் கிளம்பிப் போனீர்கள். நானும் அம்மாவும் இங்கே. என் நரம்பு பலவீனம், வேறென்ன. யாரையும் குறை சொல்லவில்லை.

வரைபடப் பிரிவில் இந்தக் கை இன்றைக்கும் ஸ்கேல் வைக்காமல் குழாய்க்கோடு இழுக்கும். டேபிளில் குனிந்தால்தான் வம்பு.

ஒவ்வொரு அடியும் ஒரே மாதிரி விழ நீங்கள் என்ன பயிற்சி செய்வீர்கள்? அடியிலிருந்து சொல்லிக்கொடுங்கள். ஒன்றும் தெரியாதவளுக்குச் சொல்வது போலச் சொல்லுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

உங்கள் நாத்தனார்

*

பிப்ரவரி 13

அன்பு நாத்தனாருக்கு,

கடிதம் கிடைத்தது. உன் அண்ணனிடம் காட்டவில்லை. அத்தை முழங்காலுக்கு ஒரு தைலம் வாங்கி அனுப்பியிருக்கிறேன்.

நீ என்னிடம் கேட்கிறாயே என்று இருந்தது. நான் இப்போது ஆடுவதில்லை. மணிக்கட்டில் வலி. ஆனாலும் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஒன்று, கியூவை இறுக்கிப் பிடிக்காதே. பயந்தவர்கள் எல்லோரும் பிடியைத்தான் இறுக்குவார்கள். பற்பசை ட்யூபைப் பிதுங்காமல் பிடிப்பாயே, அவ்வளவு போதும். முழங்கைக்கு மேலே கை அசையவே கூடாது, கீழ்க்கை மட்டும் ஆட வேண்டும். தாடை கியூவைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும். மூன்று முறை ஆட்டிப் பார், ஒரு மூச்சு நில், பிறகு அடி. அடித்த பிறகும் கியூ நேராக முன்னே போக வேண்டும். உடனே தலையைத் தூக்கி எங்கே போகிறது என்று பார்ப்பவர்கள் உருப்பட மாட்டார்கள்.

வீட்டில் ஒரு காலிச் சோடா பாட்டிலை மேஜையில் படுக்க வை. அதன் வாய்க்குள் ஒரு கம்பை விட்டு எடு, விளிம்பில் இடிக்காமல். தினமும் நூறு தடவை. டேபிளில் முதல் இரண்டு வாரம் சிவப்புப் பந்தை எடுக்கவே எடுக்காதே. வெள்ளையை மட்டும் நடுக்கோட்டில் வைத்து டேபிளின் எதிர் விளிம்புச் சுவருக்கு அடி. அது திரும்பி வந்து உன் கியூ நுனியைத் தொட வேண்டும். ஓரமாகப் போனால் கை கோணல் என்று அர்த்தம். பந்து முகத்துக்கு நேரே சொல்லிவிடும், மனுஷர்கள் மாதிரி மறைக்காது.

உனக்கு நரம்பு பலவீனமெல்லாம் இல்லை. அப்படி எழுதாதே.

அண்ணி

*

பிப்ரவரி 27

அன்புள்ள அண்ணிக்கு,

தைலம் வந்தது. அம்மா ஒரு நாள் தடவிவிட்டு, "வாசனை நல்லாத்தான் இருக்கு, வலிதான் அப்படியே இருக்கு" என்று சொல்லிவிட்டார். உங்களிடம் சொல்லச் சொல்லவில்லை, நானாகச் சொல்கிறேன்.

சோடா பாட்டில் விஷயம் வீட்டில் பெரிய கூத்தாகிவிட்டது. என்னிடம் ஏது கியூ? ஜன்னல் திரையைக் கழற்றிவிட்டு அந்தக் கம்பை எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டு மேஜையில் குனிந்து பாட்டில் வாயில் விட்டு விட்டு எடுக்கிறேன், அம்மா வாசலில் நின்று பார்க்கிறார். "ஏண்டி, பாட்டிலுக்கு என்னத்தை ஊட்டுற?" சொன்னால் புரியவா போகிறது! "கைக்கு நல்லதும்மா" என்றேன். "அப்போ எனக்கும் ஒரு பாட்டில் வை" என்று அவரும் ஒரு வாரமாக உட்கார்ந்து ஆட்டிக்கொண்டிருக்கிறார். என்னைவிடக் குறைவாகத்தான் இடிக்கிறார்.

டேபிளிலும் முன்னேற்றம் உண்டு. மதிய இடைவேளையில் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். பத்துக்கு எட்டுத் தடவை வெள்ளைப் பந்து திரும்பி வந்து கியூ நுனியை முத்தமிடுகிறது. அந்த டைப்பிஸ்ட் பெண் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, "அக்கா, உங்க கை என்னக்கா, எண்ணெய் போட்ட மாதிரி போகுது" என்றாள். ஆறு வருஷத்தில் என் கையைப் பற்றி ஒருவர் நல்ல வார்த்தை சொன்னது அன்றைக்குத்தான். அசடு மாதிரி கண் கலங்கிவிட்டது, சாக் தூள் என்று சமாளித்தேன்.

ஆனால் நேற்றுச் சிவப்பை எடுத்து வைத்தேன். போச்சு. பழையபடி முழங்கை பிடித்துக்கொண்டது. வெள்ளை தனியாக இருந்தால் வராத வியாதி, சிவப்பும் சேர்ந்தால் வருகிறது. ஏன் என்று யோசித்து யோசித்து ஒன்று கண்டுபிடித்தேன். கடைசி நொடியில் என் கண் இரண்டுக்கும் நடுவில் அலைகிறது. எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குத் தெரியவில்லை.

அண்ணி, நீங்கள்கூட ஒரு தடவை என்னிடம் இதைக் கேட்டீர்கள். ஞாபகம் இருக்கிறதா? எனக்கு அன்றைக்கும் பதில் தெரியவில்லை. அடிக்கும்போது கடைசியாக எந்தப் பந்தைப் பார்க்க வேண்டும், வெள்ளையா, சிவப்பா? இதை மட்டும் சொல்லிவிடுங்கள். மற்றதெல்லாம் வந்துவிட்டது.

உங்கள் நாத்தனார்

*

மார்ச் 6

அன்பு நாத்தனாருக்கு,

இங்கே வேலை அதிகம். புது மீட்டர்கள் லாரி லாரியாக வந்திறங்கியிருக்கின்றன, ஒவ்வொன்றையும் தண்ணீர் விட்டுச் சோதிக்க வேண்டும்.

அதையெல்லாம் யோசிக்காதே. பாட்டில் பயிற்சியை விடாமல் செய். அத்தைக்கு வேறு தைலம் பார்க்கிறேன்.

அண்ணி

*

மார்ச் 14

அண்ணிக்கு,

நாலு வரி எழுதியிருக்கிறீர்கள். அதில் இரண்டு வரி மீட்டர்.

உங்களைத் தொந்தரவு செய்தது என் தப்பு. ஆனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். பிடி, தாடை, மூச்சு எல்லாவற்றையும் மணி மணியாகச் சொன்னீர்கள். முக்கியமானதைக் கேட்டதும் வாயை மூடிக்கொண்டீர்கள். நான் அணிக்குள் வருவதில் உங்களுக்கு இஷ்டமில்லையா? நீங்கள்தான் ஆடுவதில்லையே, உங்கள் இடத்தையா பிடுங்கப் போகிறேன்?

அம்மாவைக் குளிப்பாட்டி, சாப்பாடு கொடுத்து, அலுவலகம் ஓடி, வந்து மறுபடி அம்மா. எனக்கென்று இருந்தது அந்த டேபிள் ஒன்றுதான். அதையும் நானே கெடுத்துக்கொண்டேன் என்று ஆறு வருஷமாக என்னையே திட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவீர்கள்?

இனி எழுத மாட்டேன்.

*

மார்ச் 21

என் கண்ணு,

உன் கடிதத்தை மீட்டர் சோதனை மேடையில் வைத்துப் படித்தேன். குழாய் நிரம்பித் தண்ணீர் தரையெல்லாம் ஓடியது, எனக்குத் தெரியவே இல்லை. பக்கத்து மேடைக்காரர் வந்து மூடினார்.

இதை எழுதக் கூசுகிறது. மூன்று தாள் கிழித்தாயிற்று. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். உன் கையைக் கெடுத்தது நீயில்லை. நான்.

தேர்வுக்கு முந்தின வாரம், நம் பொழுதுபோக்கு அறையில் நான் தனியாக ஆடிக்கொண்டிருந்தேன். மீட்டர் ரிப்பேர்க்காரர் சும்மா நின்றவர், "மேடம், அடிக்கிறப்போ கடைசியா எந்தப் பந்தைப் பாப்பீங்க, வெள்ளையா, சிவப்பா?" என்று கேட்டார். தெரிந்துகொள்ளும் ஆசையில்தான் கேட்டார், பாவம். எனக்குப் பதில் தெரியவில்லை. அடுத்த அடியில் எங்கே பார்க்கிறேன் என்று கவனித்தேன். அத்தோடு போயிற்று. இரண்டு நாள் ஒரு பந்துகூட விழவில்லை. மூன்றாம் நாள்தான் புத்தி வந்தது. இந்தக் கேள்விதான் வியாதி, கேள்வி வந்ததால் வந்த தடுமாற்றம், கையில் ஒன்றுமில்லை. அது புரிந்ததும் நாலைந்து நாளில் சரியாகிவிட்டது.

தேர்வன்று காலை நீ கியூ நுனியில் சாக் தடவிக்கொண்டிருந்தாய். என்னமோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தாய், அவ்வளவு நிம்மதி உனக்கு. உன்னை ஜெயிக்க முடியாது என்று எனக்குத் தெரியும். எனக்கு அந்த மாற்றல் வேண்டும். ஒரே சமையலறையில் அத்தையோடு இன்னொரு வருஷம் என்னால் முடியாது என்று இருந்தது. அத்தை கெட்டவர் இல்லை, எனக்கு முடியவில்லை, அவ்வளவுதான். உன் பக்கத்தில் வந்து, அக்கறையாகக் கேட்பது போல, "ஏண்டி, அடிக்கிற அந்த நொடியில உன் கண்ணு எங்க இருக்கு? வெள்ளையிலயா, சிவப்பிலயா?" என்று கேட்டேன்.

நீ சிரித்தாய். "தெரியலையே அண்ணி, பாத்துச் சொல்றேன்" என்றாய். பார்த்தாய்.

ஒரு மீட்டரைப் பொய் சொல்ல வைக்க அதை உடைக்க வேண்டியதில்லை. உள்ளே ஒரு மணல் துகள் போதும். எனக்கு அது தொழில், தெரிந்தே செய்தேன்.

அதைவிடக் கேவலம் ஒன்று இருக்கிறது. அன்று சாயங்காலமே உன்னைக் கூப்பிட்டு, "அது அந்தக் கேள்வியால வந்ததுடி" என்று சொல்லியிருந்தால் உனக்கும் ஒரு வாரத்தில் போயிருக்கும். காரணம் தெரிந்தால் போகிற வியாதி அது. நான் சொல்லவில்லை. முதலில் மாற்றல் உத்தரவு கைக்கு வரட்டும் என்று இருந்தேன். வந்த பிறகு எப்படிச் சொல்வது என்று இருந்தேன். உன் அண்ணன் 'கடிகாரம் நின்னுபோச்சு' என்று சொல்லும்போதெல்லாம் நானும் கூடச் சிரித்தேன். நீ உன்னையே திட்டிக்கொண்டிருந்தாய், நான் தைலம் அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மணிக்கட்டு வலி பொய். முதல் வருஷம் அணியில் எல்லா ஆட்டத்திலும் தோற்றேன், தூக்கிவிட்டார்கள். குனிந்தால் என் குரலே காதில் கேட்கிறது, வெள்ளையிலயா, சிவப்பிலயா என்று. எனக்குக் காரணம் நன்றாகத் தெரியும், ஆனாலும் போகவில்லை.

எந்தப் பந்து என்று கேட்டாய். பதிலே கிடையாது கண்ணு. அன்று வரை உன் கண்ணுக்குத் தானாகத் தெரிந்திருந்தது. அதை அதன் போக்கில் விட்டுவிடு.

மன்னித்துவிடு என்று எழுத எனக்கு அருகதை இல்லை.

அண்ணி

*

ஏப்ரல் 2

அண்ணிக்கு,

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரமாகிறது. பதில் எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். உங்களை என்னென்னவோ திட்டினேன். அம்மா, "யாரைடி திட்டுற?" என்றார். "பாட்டிலை" என்றேன்.

நீங்கள் சொன்னது உண்மைதான். கடிதத்தைப் படித்த மறுநாளே சிவப்பை எடுத்து வைத்து அடித்தேன். விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. மூன்றாம் நாள் என் கை பழைய கையாகிவிட்டது. அழுகை வந்தது, உங்கள் மேல் ஆத்திரமும் வந்தது. ஆறு வருஷ வியாதிக்கு மூன்று நாள் மருந்து, அதைக் கையில் வைத்துக்கொண்டே இருந்திருக்கிறீர்கள்.

இது வரை எழுதிவிட்டு நிறுத்தியிருந்தால் நான் நல்லவள். ஆனால் இன்னொன்று இருக்கிறது, உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

முந்தாநாள் மதியம் டைப்பிஸ்ட் பெண் ஆடிக்கொண்டிருந்தாள். என் கை திரும்பிவிட்டதுதான், ஆனால் அவள் என்னைவிட நன்றாக ஆடுகிறாள். பார்த்துக்கொண்டே இருந்தேன். என் வாய் திறந்தது. "ஏம்மா, அடிக்கிறப்போ கடைசியா எந்தப் பந்தைப் பாப்ப? வெள்ளையா, சிவப்பா?"

உங்கள் குரலிலேயே கேட்டேன் அண்ணி. அதே அக்கறையோடு.

நேற்று அவள் அடித்தது ஒன்றும் விழவில்லை. இன்றைக்குச் சாப்பிடாமல் டேபிளில் நின்று அழுதாள். "என்னக்கா ஆச்சு எனக்கு, கையே என் கை மாதிரி இல்லையே" என்று என்னிடமே கேட்கிறாள். நான் தண்ணீர் கொடுத்தேன். தண்ணீர்தான் கொடுத்தேன்.

ஆறு வருஷம் வலித்தது எனக்கு. ஒரு வாரத்துக்குள் அதையே இன்னொருத்திக்குச் செய்தேன். உங்களைத் திட்டிய வாயால்தான் கேட்டேன். கண்ணாடியில் முகம் பார்க்கப் பிடிக்கவில்லை. கேட்ட கேள்வியை எப்படித் திரும்ப எடுப்பது?

*

ஏப்ரல் 6

கண்ணு,

உன் கடிதம் இப்போதுதான் வந்தது. அவசரத் தபாலில் அனுப்புகிறேன்.

திரும்ப எடுக்க முடியாது. சொல்லத்தான் முடியும். சனிக்கிழமைக்கு முன்னால் சொல். தண்ணீர் கொடுக்காதே, தைலம் கொடுக்காதே, சமாதானம் சொல்லாதே. 'நான்தான் வேண்டுமென்றே கேட்டேன்' என்று சொல். ஒரு நாள் தள்ளினால் மறுநாள் இரண்டு மடங்கு கஷ்டம். ஆட்டம் முடிந்து நீ ஜெயித்துவிட்டால் அப்புறம் சொல்லவே மாட்டாய். நான் அனுபவித்துச் சொல்கிறேன்.

அவள் உன்னைக் காறித் துப்பினாலும் பரவாயில்லை. நான் இருக்கிறேனே இங்கே, ஆறு வருஷமாக யாரும் துப்பாமலேயே, என்னைப் பார்த்துக்கொள்.

அண்ணி

*

ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணிக்கு,

புதன்கிழமை உங்கள் கடிதம் வந்தது. அன்றைக்கே டைப்பிங் பிரிவுக்குப் போனேன். தனியாகக் கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்தேன். கூப்பிட்டால் வெளியே வருவதற்குள் மனசு மாறிவிடும் என்று பயம். அங்கேயே, அவள் மேஜை பக்கத்திலேயே நின்று சொன்னேன். ஆறு மெஷினும் ஒவ்வொன்றாக நின்றது. என் காது இரண்டும் சுட்டது.

அவள் திட்டவில்லை. தன் கையை விரித்துப் பார்த்தாள். பிறகு, "ஏங்க்கா, உங்க கை இப்போ எப்படிப் போகுது! நேரா ஆடியே என்னை ஜெயிச்சிருப்பீங்களே" என்றாள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஆட்டத்தை ஒரு வாரம் தள்ளிப் போடச் சொல்லி விளையாட்டுச் செயலாளரிடம் போனேன். காரணம் கேட்டார். அவரிடமும் சொன்னேன். இரண்டாவது தடவை சொல்வது ஒன்றும் சுலபமாக இல்லை, அண்ணி. தள்ளிப் போட்டார். திங்கட்கிழமைக்குள் அவள் கை சரியாகிவிட்டது. காரணம் தெரிந்தால் போகிற வியாதிதானே.

நேற்று முன்தினம் ஆடினோம். பிடி இறுகவில்லை, தாடை நகரவில்லை, மூன்று ஆட்டல், ஒரு மூச்சு, ஓர் அடி. முதல் அடி எப்படியோ அப்படியே கடைசி அடியும். என் ஆயுளில் இவ்வளவு ஒரே சீராக நான் ஆடியதில்லை. தோற்றுவிட்டேன். அவள் என்னைவிட நன்றாக ஆடினாள். அணியில் அவள்தான்.

"நேரா ஆடியே ஜெயிச்சிருப்பீங்களே" என்று அவள் சொன்னதை உங்களுக்கும் சொல்லி மனதைத் தேற்றலாம் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவள் சொன்னது சரியில்லை என்று சனிக்கிழமை தெரிந்துபோனது. உங்களுக்கும் அது சரிவராது. நேராக ஆடியிருந்தால் நீங்கள் தோற்றிருப்பீர்கள். அணியில் நான் இருந்திருப்பேன். இதைச் சொல்லாமல் விட்டால் நமக்கு நடுவில் இன்னொரு தைலப் பாட்டில் வந்துவிடும்.

அண்ணனிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். இனிமேல் அந்த ஜோக் வேண்டாம் என்றும், ஏன் என்றும். அம்மாவிடம் நான் சொல்லவில்லை. அது உங்கள் பாடு.

மே மாதம் லீவு போட்டு வாங்க. மதிய இடைவேளையில் டேபிள் காலியாகத்தான் இருக்கும். ஆளுக்கு ஒரு கியூ எடுத்துக்கொண்டு ஆடுவோம், யாரும் வாயைத் திறக்க வேண்டாம். முதல் நாள் உங்களுக்கு ஒன்றும் விழாது. விழாவிட்டால் என்ன, மறுநாளும் ஆடுவோம்.

மன்னித்துவிட்டாயா என்று மட்டும் கேட்காதீர்கள், அண்ணி. இப்போதுதான் கை ஓட ஆரம்பித்திருக்கிறது. கேட்டால் நான் உள்ளே பார்ப்பேன், பார்த்தால் நின்றுவிடும்.

கடிகாரம்